கவுந்தியடிகள் செல்லாத வழி

சிலப்பதிகாரத்தின் பதினோராம் காதையாகிய காடுகாண் காதையைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். மாங்காட்டு மறையோன் மதுரைக்கு மூன்று வழிகள் உண்டு என்று விரித்துரைக்கும் பகுதி வந்ததும், வலப்பக்க வழிக்கு ஐந்து நிமிடம், இடப்பக்க வழிக்குப் பத்து நிமிடம் என்று ஒதுக்கிவிட்டு, கோவலன் உண்மையில் நடந்து சென்ற நடுவழிக்கு வந்துவிடுவது என் வழக்கம். தேர்வில் வினா எழுவது பெரும்பாலும் அங்கிருந்துதான். மாணவர்கள் கையில் வைத்திருக்கும் நோட்ஸ்களிலும் இடப்பக்க வழி இரண்டு வரியில் முடிந்துவிடும். கதை அவ்வழியே செல்லவில்லை. ஆகவே நாமும் செல்ல வேண்டியதில்லை என்பது சொல்லாமல் சொல்லப்பட்ட உடன்பாடு.

சென்ற பருவத்தில் அந்தப் பத்து நிமிடம் முடிந்த கையோடு கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. மேலநீலிதநல்லூரை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து வரும் மாணவர். விடுமுறை நாட்களில் சங்கரன்கோவிலில் உள்ள அத்தை மகன் வீட்டுக் கணினியில் விளையாட்டே கதியென்று கிடப்பவர் என்று அவருடைய நண்பர்கள் கேலி செய்வதுண்டு. "ஐயா, இது சைடு குவெஸ்ட் ஐயா" என்றார். வகுப்பு சிரித்தது. "அப்படியென்றால் என்ன தம்பி?" என்று கேட்டேன். "மெயின் கதைக்குத் தேவையில்லாத மாதிரி ஒதுக்கி வச்சிருப்பான் ஐயா. போகாமலேயே கேமை முடிச்சிரலாம். ஆனா போனாத்தான் மெயின் கதையே விளங்கும்." சற்று நிறுத்தி, "அந்தக் குளத்துல முங்கி எந்திரிச்சிருந்தா கோவலன் செத்திருக்க மாட்டான்லா ஐயா?" என்றும் கேட்டார்.

அன்று என்னிடம் விடை இல்லை. மணி அடித்தது என்னைக் காப்பாற்றியது. அதன்பின் அவர் சொன்ன அந்தச் சொல்லின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். இதை எழுதுவதற்குக் காரணம் அதுவே. 'சைடு குவெஸ்ட்' என்பதைக் 'கிளைத்தேடல்' என்று இங்கே வழங்குகிறேன். கிளைக்கதை என்னும் சொல் நமக்கு முன்பே உண்டு.

முதலில் அந்த இடப்பக்க வழியை நினைவூட்டிவிடுகிறேன். உறையூரை நீங்கிய கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் ஆகிய மூவரும் ஒரு சோலையில் தங்கியிருக்கின்றனர். அரங்கத்தையும் வேங்கடத்தையும் காண விழைந்து குடமலை மாங்காட்டிலிருந்து புறப்பட்டு வந்த முதிய மறையோன் அங்கே எதிர்ப்படுகிறான். மதுரைக்கு வழி கேட்கிறான் கோவலன். கொடும்பை நெடுங்குளத்துக் கரையை அடைந்தால் சிவபெருமானின் சூலம்போல வழி மூன்றாகப் பிரியும் என்கிறான் மறையோன். வலப்பக்கம் சென்றால் வறண்ட நிலத்தைக் கடந்து சிறுமலை. இடப்பக்கம் சென்றால் திருமால்குன்றம், அதாவது இன்றைய அழகர்மலை. அங்கே ஒரு பிலம், மலைக்குகை, உண்டு. அதனுள் மூன்று பொய்கைகள். புண்ணிய சரவணத்தில் மூழ்கினால் ஐந்திரம் என்னும் இலக்கண நூலறிவு கைகூடும். பவகாரணியில் மூழ்கினால் முற்பிறப்பு விளங்கும். இட்டசித்தியில் மூழ்கினால் எண்ணியது எய்தும்.

ஆனால் குகைக்குள் நினைத்தவுடன் நுழைந்துவிட முடியாது. திருமாலின் திருவடியை நெஞ்சில் வைத்து மலையை மும்முறை வலம்வர வேண்டும். வந்தால் சிலம்பாற்றங்கரையில் பூத்து நிற்கும் கோங்க மரத்தடியில் ஒரு பெண் தோன்றுவாள். வரோத்தமை என்பது அவள் பெயர். இம்மைக்கு இன்பம் எது, மறுமைக்கு இன்பம் எது, இரண்டும் கடந்து என்றும் நிற்பது எது என்று வினவுவாள். விடை சொல்வோருக்கே கதவு திறக்கும். உள்ளே மீண்டும் ஒருத்தி, மீண்டும் ஒரு வினா. பொய்கையில் மூழ்கவும் மந்திரம் உண்டு. இத்தனையையும் மறையோன் வாயால் கேட்ட பின்னர், எமக்கு இது வேண்டுவதில்லை என்று கவுந்தியடிகள் மறுத்துவிடுகிறார். மூவரும் நடுவழியே செல்கின்றனர். அப்பொய்கைகளைக் காப்பியத்தில் ஒருவரும் காண்பதே இல்லை.

இனிக் கணினி விளையாட்டுக்கு வருவோம். அதன் வரலாறும் ஒரு குகையில்தான் தொடங்குகிறது என்பதைப் படித்தபோது எனக்குச் சற்று வியப்பாகவே இருந்தது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மாமத் குகை என்னும் மிகப் பெரிய குகைத்தொடர் உள்ளது. அதனுள் இறங்கி நிலப்படம் வரையும் பழக்கமுடைய வில் குரவுதர் என்னும் கணினி நிரலாளர், 1970களின் இடைப்பகுதியில், மணவிலக்குக்குப் பின் தம் பெண்மக்கள் ஆடுவதற்காக அக்குகையை எழுத்தாலேயே ஒரு விளையாட்டாக்கினார். படம் இல்லை. திரையில் சொற்கள் வரும்; நாம் வடக்கு, கிழக்கு என்று தட்டச்சு செய்தால் அடுத்த அறை சொற்களில் விரியும். 1977இல் டான் வுட்ஸ் என்பவர் அதைப் பெரிதாக்கினார். மறையோன் சொல்லச் சொல்ல நாம் திருமால்குன்றத்துப் பிலத்துக்குள் நடப்பதற்கும் இதற்கும் முறையில் பெரிய வேறுபாடில்லை.

அந்த விளையாட்டால் தூண்டப்பட்டு, அட்டாரி நிறுவனத்தில் பணிபுரிந்த வாரன் ராபினெட் என்பவர் தொலைக்காட்சியில் ஆடத்தக்க 'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டை ஆக்கினார். 1980இல் அது விற்பனைக்கு வந்தது. விளையாட்டை ஆக்கியவர் பெயரை அந்நிறுவனம் அக்காலத்தில் வெளியிடுவதில்லை. ஆகவே ராபினெட் யாருக்கும் சொல்லாமல் ஓர் அறையைக் கட்டி, அதில் தம் பெயரை எழுதி வைத்துவிட்டுப் பணியிலிருந்து விலகிவிட்டார். அவ்வறைக்குள் செல்ல, கரிய கோட்டையின் இருட்டுப் பாதையில் கண்ணுக்குப் புலப்படாத ஒற்றைச் சாம்பல் நிறப் புள்ளியைக் கண்டெடுத்து, உரிய இடத்துக்குச் சுமந்து வரவேண்டும். பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் அதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிய பிறகே நிறுவனத்தாருக்குச் செய்தி தெரியும். பாடியவன் பெயரைப் பாட்டின் கடைசியில் முத்திரையாகப் பொதிந்து வைக்கும் நம் மரபு அறிந்தவர்களுக்கு ராபினெட்டின் மனம் எளிதில் விளங்கும்.

இவை முன்னுரை. மறைவான தேடல்களையே உயிராகக் கொண்ட விளையாட்டு என்றால் 1984இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட 'டவர் ஆஃப் துருவாகா'வைத்தான் சொல்ல வேண்டும். வாளேந்திப் போரிட்டுக்கொண்டே பாத்திரத்தையும் வளர்த்துச் செல்லும் வகைக்கு அது முன்னோடிகளுள் ஒன்று. வடிவமைத்தவர் மசனோபு எண்டோ. கதை மெசொப்பொத்தேமியத் தொன்மத்தைத் தழுவியது, நாயகன் கில்கமெஷ். 60 தளங்கள் கொண்ட கோபுரத்தில் ஏறி, துருவாகா என்னும் அசுரனிடமிருந்து கீ என்னும் பெண்ணை மீட்க வேண்டும். தளத்துக்குத் தளம் புதையற்பேழை மறைந்திருக்கும். என்ன செய்தால் அது தோன்றும் என்று விளையாட்டு எங்கும் சொல்லாது. முதல் தளத்தில் மூன்று பச்சைக் கூழ்ப்பூதங்களைக் கொன்றால் சுவரை உடைக்கும் செம்புக் குந்தாலி கிட்டும். இது தற்செயலாகவும் நிகழலாம். மேலே செல்லச் செல்ல நிபந்தனைகள் விபரீதமாகும். எதிரிகளை இன்ன வரிசையில்தான் வீழ்த்த வேண்டும் என்பன போல. சில பேழைகளைத் தவறவிட்டால் பின்னர் என்ன முயன்றாலும் கோபுரத்தின் உச்சியில் வெற்றி இல்லை.

தனி ஒருவன் ஆயுள் முழுதும் ஆடினாலும் இதைக் கண்டுபிடித்துவிட முடியுமா? முடியாது. ஜப்பானிய விளையாட்டுக் கூடங்களில் நிகழ்ந்தது இதுதான்: கூடத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கப்பட்டிருக்கும். ஒருவன் காசு போட்டு ஆடி, இன்ன தளத்தில் இன்னது செய்தேன், பேழை வந்தது என்று எழுதிவைப்பான். முகமறியாத இன்னொருவன் மாலையில் வந்து அதைப் படித்து, சரிபார்த்து, அடுத்த தளத்தின் குறிப்பை எழுதுவான். ஏட்டில் மூலமும் உரையும் கைமாறிக் கைமாறி வளர்வதைப் போலக் கோபுரம் தளம் தளமாகத் திறந்தது. விளையாட்டைக் கூர்ந்து பார்த்தால், எண்டோ மறைத்து வைத்தது பேழைகளை மட்டுமன்று. இன்னொருவரிடம் கேட்க வேண்டிய கட்டாயத்தையும் சேர்த்துத்தான்.

எனக்கும் இதில் சிறு அனுபவம் உண்டு. எங்கள் சிறுபருவத்தில் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கேசட் விளையாட்டுக் கருவி வந்தது. 'கான்ட்ரா' என்னும் விளையாட்டில் தொடக்கத் திரையில் மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று பொத்தான்களை அழுத்தினால் மூன்று உயிருக்குப் பதில் முப்பது உயிர் கிடைக்கும். எங்கள் தெருவில் எவரும் விளையாட்டு இதழ் ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. இணையம் என்னும் சொல்லையே கேட்டதில்லை. ஆயினும் அந்தப் பத்து அசைவும் எல்லாருக்கும் மனப்பாடம். யாரோ ஓர் அண்ணன் யாருக்கோ சொன்னது. வாய்ப்பாட்டைவிட விரைவாக மனத்தில் தங்கிற்று.

1986இல் வந்த 'லெஜண்ட் ஆஃப் செல்டா'வை ஆக்கிய ஷிகேரு மியமோட்டோ, கியோட்டோ அருகே சோனோபே என்னும் ஊரில் வளர்ந்தவர். சிறுவயதில் காட்டில் ஒரு குகையைக் கண்டு, அஞ்சித் திரும்பி, பிறகு விளக்கோடு மீண்டும் சென்று நுழைந்தது தம் நினைவில் நின்றதாகக் கூறியிருக்கிறார். அவருடைய விளையாட்டிலும் நாயகன் முதன்முதலாக வாளைப் பெறுவது குகைக்குள் இருக்கும் ஒரு முதியவரிடம்தான். மறையோனுக்கும் அம்முதியவருக்கும் ஒரே வேலை. எந்தப் புதரை எரித்தால் படிக்கட்டு தெரியும், எந்தப் பாறையை வெடித்தால் வாயில் திறக்கும் என்பதற்கு அங்கே பெரும்பாலும் அடையாளமே இல்லை.

செவிவழிச் செய்திக்கு இன்னொரு குணம் உண்டு. அது இல்லாததையும் உண்டாக்கும். 1996இன் இறுதியில் வெளிவந்த 'டியாப்லோ'வில் ஊர்ப்புறத்தில் சில பசுக்கள் நின்றிருக்கும். அவற்றைக் குறிப்பிட்ட முறையில் பல தடவை சொடுக்கினால் ஒரு மறைவுலகின் கதவு திறக்கும் என்று எவரோ கிளப்பிவிட்டார்கள். திறக்கவில்லை, திறக்கவும் வழியில்லை, ஏனெனில் அப்படி ஓர் உலகமே அதில் இல்லை. ஆனாலும் ஆட்டக்காரர்கள் விடவில்லை. கடைசியில் ஆக்கியவர்களே இறங்கிவந்து, 2000இல் வெளியிட்ட 'டியாப்லோ 2'இல் பசுக்கள் ஆயுதமேந்தி நிற்கும் ஒரு மறைவுலகை உண்மையாகவே அமைத்துவிட்டனர். தலபுராணங்கள் பலவற்றின் பிறப்பை ஆராய முயல்வோர் இந்நிகழ்ச்சியையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளலாம்.

பிறகு வழிகாட்டிகளின் காலம். 1995இல் தொடங்கிய கேம்ஃபேக்ஸ் போன்ற தளங்களில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் அடியிலிருந்து நுனிவரை குறிப்புகள் குவிந்தன. விளையாட்டுகளும் தம் பங்குக்கு மாறின. 'மாரோவிண்ட்' (2002) விளையாட்டில் ஒருவர் உங்களிடம் ஒரு வேலையைச் சொன்னால், பாலத்தைக் கடந்து, ஆற்றோரமாகச் சென்று, பிரியும் இடத்தில் வடக்கே திரும்பு என்று வாயால்தான் வழி சொல்வார். கேட்டுக் கேட்டு, தடுமாறி, போய்ச்சேர வேண்டும். அதே தொடரின் அடுத்த விளையாட்டான 'ஒப்ளிவியன்' (2006) திசைகாட்டியில் குறியொன்றை வைத்தது. அக்குறியை நோக்கி நடந்தால் போதும். எதிரே நிற்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டிய தேவை அன்றோடு குறைந்தது. நோட்ஸ் வந்தபின் மூலநூலுக்கு என்ன ஆயிற்றோ அதுவே.

இதற்கு எதிர்நீச்சல் போட்டவர் ஹிடேடகா மியசாகி. இவரைப் பற்றி ஒரு செய்தி என்னை மிகவும் ஈர்த்தது. இளமையில் தம்மால் முழுதும் புரிந்துகொள்ள இயலாத ஆங்கிலக் கற்பனை நூல்களை நூலகத்திலிருந்து எடுத்துப் படிப்பாராம். புரியாத இடங்களைப் படங்களைக் கொண்டும் தம் கற்பனையைக் கொண்டும் இட்டு நிரப்பிக்கொள்வாராம். உரையில்லாத ஏட்டை விளக்கொளியில் வைத்துக்கொண்டு தடுமாறியவர்களின் வழித்தோன்றல்கள் நாம். இம்மனநிலையை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

மியசாகியின் 'டார்க் சோல்ஸ்' (2011) தொடங்கும்போது தோற்றுவாயாக ஒரு கதை சொல்லப்படுகிறது. உலகில் நெருப்புத் தோன்றுமுன், சாம்பல் நிற மூடுபனியும் மாமரங்களும் சாவில்லாத டிராகன்களும் மட்டுமே இருந்த ஆதிகாலத்தின் கதை. பிறகு அதைப் பற்றிய பேச்சு அதிகம் இல்லை. விளையாட்டை முழுதும் முடித்தாலும் அது வெறும் முன்கதைதான். ஆனால் நச்சுச் சதுப்பு ஒன்றின் மூலையில், உள்ளீடற்ற பெருமரத்துக்குள் இரண்டு பொய்ச்சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. வாளால் தட்டினால் மறைந்துவிடும். அதன் வழியே மரத்தின் அடிவரை இறங்கினால் ஒரு சாம்பல் ஏரி. சுற்றிலும் தோற்றுவாயில் சொல்லப்பட்ட அதே மாமரங்கள். கரையில் டிராகன் ஒன்று உயிரோடு. முன்பிறப்புக்குள்ளேயே நடந்து சென்று நிற்பது போன்ற இடம். பவகாரணி என்றால் இதுதான். சுவருக்கு முன்னால் தரையில், முன்பு வந்துபோன முகமறியா ஆட்டக்காரர் எவரேனும் எழுதிவைத்த குறிப்பு மின்னலாம். அது மெய்யாகவும் இருக்கலாம். உங்களை ஏமாற்ற எழுதிய பொய்யாகவும் இருக்கலாம்.

என் மாணவர் ஆடுவது 2022 பிப்ரவரியில் வெளிவந்த 'எல்டன் ரிங்'. ஒருநாள் இடைவேளையில், கோடு போட்ட தாளில் படம் வரைந்து எனக்கு அதில் ஒரு கிளைத்தேடலை விளக்கினார். அழிந்துபோன ஒரு சிற்றூர். அதன் மேட்டில் ஒரு பானை. கடந்து சென்றால் பானைதான். தட்டினால் உருமாறி, ஒளிந்திருந்த ஆல்பஸ் என்னும் முதியவர் வெளிப்படுவார். கையில் பாதி உடைந்த பதக்கம். அதை லட்டென்னா என்பவளிடம் சேர்ப்பிக்கச் சொல்வார். மற்றப் பாதி நெடுந்தொலைவில், பனிமலைக் கோட்டை ஒன்றின் உச்சியில் இருக்கிறது. ரோல்டு என்னும் இடத்தில் வானுயர்ந்த மின்தூக்கி ஒன்று உண்டு. கதையின் பொதுவழி அதில் ஏறித்தான் செல்லும். அதே மேடையில் நின்று, பொதுப் பதக்கத்துக்குப் பதிலாக இந்த மறைபதக்கத்தை உயர்த்திக் காட்டினால், மின்தூக்கி வேறொரு பனிவெளியில் கொண்டுபோய் விடும். அந்த விளையாட்டின் ஆகப் பெரிய எதிரி ஒருத்தி அந்த வழியின் முடிவில்தான் காத்திருக்கிறாள். நெடுங்குளக் கரையும் ஒன்றே, சூலமும் ஒன்றே; எதைக் கைக்கொண்டோம் என்பதில்தான் வழி பிரிகிறது.

"பானையை நீங்கள் எப்படித் தட்டினீர்கள் தம்பி?" என்று கேட்டேன். "நான் எங்க ஐயா தட்டினேன்! யூடியூப்ல ஒரு அண்ணன் சொன்னாரு" என்றார். விளையாட்டில் இவ்வகைத் தேடல்களைக் குறித்துவைக்கும் ஏடு கிடையாது. எவரை எங்கே சந்தித்தோம் என்று நாமே நினைவில் வைக்க வேண்டும். பலரும் குறைகூறியதாலோ என்னவோ, அடுத்த மாதமே வந்த திருத்தப் பதிப்பில், சந்தித்த மாந்தரின் பெயரும் இடமும் நிலப்படத்தில் குறிக்கப்படலாயின. அது தேவைதானா என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு. வேலைக்குச் சென்று வந்து இரவில் ஒரு மணிநேரம் ஆடுகிறவனுக்கு அதுவாவது வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் அத்தை மகனைச் சொல்கிறார் என்று பட்டது, நான் வற்புறுத்தவில்லை.

இனி அவர் கேட்ட வினா. பொய்கையில் மூழ்கியிருந்தால் கோவலன் பிழைத்திருப்பானா?

பவகாரணி காட்டியிருக்கக்கூடியது என்ன என்பதை இளங்கோவடிகள் மறைக்கவில்லை. பன்னிரண்டு காதைகள் கடந்து, கட்டுரை காதையில், மதுரை எரிந்த பிறகு, மதுராபதித் தெய்வம் அதைக் கண்ணகியிடம் கூறுகிறது. கலிங்க நாட்டில் சிங்கபுரத்துக்கும் கபிலபுரத்துக்கும் தீராப் பகை. சங்கமன் என்னும் வணிகன் தன் மனைவி நீலியோடு கரந்து வந்து சிங்கபுரத்தில் அணிகலன் விற்கிறான். அரசனிடம் தொழில்புரிந்த பரதன் அவனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்விக்கிறான். நீலி பதினான்கு நாள் அரற்றித் திரிந்து, மலையேறி வீழ்ந்து, சாபமிட்டு மாய்கிறாள். அந்தப் பரதனே கோவலன். வேற்றூரில் அணிகலன் விற்கப்போன வணிகன் பொய்ப்பழியால் கொலையுண்பது, மனைவி பதினான்கு நாள் துயருறுவது: காப்பியத்தின் மையக்கதை முழுவதும் அந்தக் குகைப் பொய்கையில் முன்கூட்டியே கிடந்திருக்கிறது. கோவலன் கையில் சிலம்போடு அதை ஒதுக்கிவிட்டு நடந்தான்.

இதைக் கோவலனின் பிழை என்று சொல்லக்கூட இயலாது. மறுத்தவர் கவுந்தியடிகள். அவர் கூறிய காரணமும் சமணத் துறவிக்குத் தக்கதே: நூலறிவு அருகன் ஆகமத்தில் உண்டு; முற்பிறப்பில் செய்ததை இப்பிறப்பிலேயே காணலாம்; வாய்மையோடு உயிரோம்பி வாழ்வோருக்கு எய்த அரியது ஏதுமில்லை. கொள்கையளவில் இதில் குறைகாண என்னால் முடியவில்லை. ஆனால் முன்வினை உண்டு என்று பொதுவில் அறிவது வேறு. சங்கமன் என்றும் நீலி என்றும் பெயரோடு அறிவது வேறு. பெயர் தெரிந்திருந்தால் கோவலன் கடைத்தெருவில் சிலம்பை வெளியில் எடுத்திருப்பானா? மறையோன் சொன்ன வேறொரு செய்தி அவனைக் காத்ததை எண்ணிப்பாருங்கள். நடுவழியில் மயக்கும் தெய்வம் உண்டு என்று கேட்டிருந்தான். நீர்நிலையருகே வசந்தமாலை வடிவில் அது வந்து நின்றபோது, அச்சொல் நினைவுக்கு வந்தது, மந்திரத்தால் தப்பினான். காதில் விழுந்த செய்தி பயன்பட்டது. காணாமல் விட்ட பொய்கை பயன்படவில்லை. ஊழின் வலியைச் சொல்லவந்த நூலில் ஊழிலிருந்து தப்பும் வழியைப் புலவர் வைப்பாரா என்று தமிழாசிரியர் கேட்கலாம், நானே கேட்டுக்கொண்டேன். வைத்திருக்கிறார், வைத்து, அதன் முன்னால் மறுக்கத் தகுதியுள்ள ஒருவரையும் நிறுத்தியிருக்கிறார்.

கோவலன் மகள் மணிமேகலைக்கு அந்த வாய்ப்பு வேறு வடிவில் கிட்டியது. மணிபல்லவத்தில் புத்த பீடிகையைத் தொழுது தன் பழம்பிறப்பை உணர்ந்தாள். அங்கேயே கோமுகிப் பொய்கையில், வைகாசித் திங்கள் விசாக நாளில் மட்டும் மேலெழும் அமுதசுரபியையும் பெற்றாள். நாளும் பொழுதும் தீவதிலகை சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

கவுந்தியடிகளின் முடிவை நீர்ப்படைக் காதையில் மாடலன் வாயிலாக அறிகிறோம். கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். அந்நோன்பின் நாட்களில் அவர் சிலம்பாற்றங்கரையை நினைத்திருப்பாரா என்பதை அடிகள் எழுதவில்லை.

இவற்றையெல்லாம் மாணவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அழகர்மலைக்கு நம்மூர்ல இருந்து நேர் பஸ் இருக்கா ஐயா?" என்றார். மதுரையில் இறங்கி மாறவேண்டும் என்றேன். இப்பருவத்தில் இடப்பக்க வழிக்கு இரண்டு முழு வகுப்புகள் ஒதுக்கியிருக்கிறேன். வலப்பக்க வழிக்கு இன்னும் அதே ஐந்து நிமிடம்தான்.